ஒன்பது துளைப் பழைய போர்ட்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. முதலில் பாலத்துச் செய்தி, சண்டையெல்லாம் கடைசியில். அம்மா நலம். உன் பூந்தொட்டிகளில் இரண்டுதான் பிழைத்திருக்கின்றன. அதற்கும் என்னைத்தான் திட்டுகிறாள்.

வெள்ளம் வந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். அதற்கு முந்தைய நாள் இடி விழுந்து, மூன்றாவது தூணில் நீ மாட்டிவிட்டுப் போன, தூணின் அசைவை அளந்து எழுதி வைக்கும் டேட்டா லாகர் பெட்டி ஆபீசோடு பேசுவதை நிறுத்திவிட்டது. மறுநாள் மதியம் ஒரு பெரிய மரம் அடித்துக்கொண்டு வந்து அதே தூணில் மோதியது. பாலத்தை மூடிவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததிலிருந்து அம்மாவை வாரம் இரண்டு முறை அக்கரை ஆஸ்பத்திரிக்குப் படகில்தான் கூட்டிப்போகிறேன். ஆட்கள் முங்கிப் பார்த்து அடித்தளம் சரி என்றார்கள். ஆனாலும் பெரிய என்ஜினியர், "தூண் நகர்ந்துச்சா இல்லையான்னு தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன். இடிச்சுக் கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்தோராவது நாள் நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நெட்வொர்க் போர்ட் கருகிக் கிடந்தது. யூஎஸ்பி போர்ட்டில் ஈரம் ஏறிப் பச்சை பூத்திருந்தது. அப்போதுதான் ஓரத்தில், ரப்பர் மூடி போட்ட அந்த ஒன்பது துளைப் பழைய சீரியல் போர்ட் கண்ணில் பட்டது. "இந்தக் காலத்துல இது எதுக்கு, மியூசியத்துல வைக்கவா?" என்று எல்லோர் முன்னாலும் நான் உன்னைக் கேலி செய்தேனே, அதே போர்ட். "எல்லாம் போனாலும் ஒரு வழி இருக்கட்டும்ணா" என்றாய். நான் விடாமல் சிரித்தேன். மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டாய்.

ஆபீஸ் கேபிளால் அதை லேப்டாப்போடு இணைத்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. அரைநாள் முட்டி மோதிய பிறகுதான், மூடியின் உட்புறம் நீ கட்டி வைத்திருந்த கேபிளைப் பார்த்தேன். "அனுப்புற கம்பியும் வாங்குற கம்பியும் மாத்திக் கட்டினது. அண்ணா, பிடிச்சு இழுக்காதே" என்று சீட்டு வேறு. மாட்டினேன்.

கொட்டியது, தங்கச்சி! பத்து நிமிடத்துக்கு ஒரு வரியாகப் பதிந்து வைத்த கணக்கெல்லாம். கேட்க ஆளே இல்லாத நாற்பத்தோரு நாளும், அந்தச் சின்ன சோலார் தகட்டை நம்பி, ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறது. மரம் மோதிய மதியம் இரண்டு பத்துக்குத் தூண் நான்கு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. ஐந்தரைக்கு அது இரண்டாகக் குறைந்திருக்கிறது. மறுநாள் காலை பூஜ்யம், பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதன் பிறகு வெயிலுக்குக் கொஞ்சம் நகர்ந்து, குளிருக்குத் திரும்பி, தினமும் காலையில் அதே பூஜ்யம். இருபது வருடமாக அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன், போல்ட் முடுக்குகிறேன். அது மூச்சு விடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

என்ஜினியர் எழுந்து நின்றே படித்தார். "யாருய்யா இதை மாட்டினது?" என்றார். "என் தங்கச்சி சார்" என்றேன்.

திங்கட்கிழமை சின்ன வண்டிகளுக்குப் பாலம் திறக்கிறார்கள். முதல் காரில் அம்மா போகிறாள்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. இந்த முகவரியை மட்டும் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாய். மற்ற வழிகளையெல்லாம் கருக்கியது நான்தான், தங்கச்சி. இரண்டு வருடமாக நீ மனதில் வைத்திருப்பது அத்தனையும், திட்டாகவே இருந்தாலும், முதல் வரியிலிருந்து கொட்டிவிடு. குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

எங்கிருந்தாலும் நன்றாயிரு.

உன் பேச்சைக் கேட்காத
அண்ணன்