இன்னொரு வருஷம் இருக்கலாமா?

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் சர்வீஸ். கதவு மூடும்போது முனகுகிறது என்று புகார். கதவு ஓடும் பள்ளத்தில் பபிள்கம், பாதிச் சீப்பு, யாருடையதோ ஒற்றைத் தோடு. எடுத்துப்போட்டுத் துடைத்ததும் முனகல் நின்றது. கையெழுத்து வாங்கப் போனபோது செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார்.

"மேடம், உங்க கம்பெனியோட போட்ட ஒப்பந்தம் எட்டாம் தேதியே முடிஞ்சிருச்சாம். யாரும் கவனிக்கல. இத்தன நாளா ஜனங்க ஏறி இறங்கிட்டு இருக்காங்களே, பரவாயில்லையா?"

"லிஃப்டுக்குத் தேதி தெரியாதுங்க. பேப்பரை மட்டும் சீக்கிரம் புதுப்பிக்கச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். இரண்டாவது சிக்னலில் சிரிப்பு நின்றுவிட்டது. பிப்ரவரி எட்டு. ஐயோ, எங்களுடையதும் அதே நாள்தானே!

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் பல்லுக்காரனும் ஒரே வீட்டுக்குக் குடிவந்த நாள் அது. பல்செட் செய்யும் லேபில் அவனுக்கு வேலை. ஒருவர் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டான், கடவாயைத்தான் பார்ப்பான். இருவருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. யார் முன்னால் வாக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்று அன்று பெரிய ஞானிகள் மாதிரி பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு பிப்ரவரி எட்டாம் தேதியும் ஆளுக்கொரு சீட்டு. 'இன்னொரு வருஷம் இருக்கலாமா?' ஆம் அல்லது இல்லை என்று எழுதி, மடித்து, மாற்றிக்கொள்ள வேண்டும். யோசனை என்னுடையதுதான். குடும்ப வாழ்க்கைக்கு சர்வீஸ் ஒப்பந்தம் போட வேறு யாருக்குத் தோன்றும்?

ஏழு முறை இருவரும் ஆம். இந்த முறை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். அன்று ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே நாலு பேர். வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு நிற்கவே தெம்பில்லை.

சரி, நான் மறந்தேன். அவன்?

பிப்ரவரி 28, சனி

நான் பேச்செடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

அவன் ரொம்ப நல்லவனாக இருக்கிறான். கேட்காமலே பாத்திரம் கழுவுகிறான். நான் துவைக்கப் போட்ட சாக்ஸை ஜோடி சேர்த்து வைத்திருக்கிறான். எனக்கு இது பிடிக்கவில்லை. விருந்தாளி கூட இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ள மாட்டார்.

இல்லை என்று எழுத நினைத்து, எழுத மனசு வராமல் நாளைக் கடத்திவிட்டானா? கேட்டுவிடலாம். ஒரு வாய் வார்த்தை. நாலு பேரை உயிரோடு கீழே இறக்கத் தெரிகிறது, இதைக் கேட்கத் தெரியவில்லை எனக்கு.

இப்போது நாங்கள் என்ன? ஒப்பந்தம் முடிந்தும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்களா?

மார்ச் 6, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணி இருக்கும். மொட்டை மாடியில் மெஷின் ரூமில் இருந்தேன். அத்தை போன் செய்தார் — பல்லுக்காரனின் அம்மா.

"ஏம்மா, தனியா வீடு பாத்துட்டியாமே?"

"யாரு அத்தை?"

"நீதான். அவன் நேத்து வந்து ஒரு வாய் சாப்பிடல. அவ கெளம்பறா போலம்மான்னான். நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். அந்தப் பெரிய குக்கர் இருக்கு பாரு, அது நான் குடுத்தது. அதை நீயே எடுத்துக்கோ. அவனுக்கு வெந்நீர் கூட வெக்கத் தெரியாது."

வெச்சுட்டேன் போனை. என்ன மனுஷன் இவன்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, ஊரெல்லாம் சொல்லிட்டு — சாக்ஸ் ஜோடி சேக்கறானாம் சாக்ஸ்!

அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே லேபுக்குப் போனேன். அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. முகத்தில் மாஸ்க், கையில் யாருடையதோ மேல்வரிசை, அதை ராவிக்கொண்டிருந்தான்.

"நான் தனி வீடு பாக்கறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

மாஸ்க்கைக் கழற்றவில்லை. "உன் பையில இருந்துச்சு. சார்ஜர் தேடினப்ப பாத்தேன். ஒத்தை பெட்ரூம் பிளான். பேனாவால சுழிச்சு வேற வெச்சிருந்த."

"அடப்பாவி, அது லிஃப்ட் வர்ற இடம்! அந்தப் புதுக் கட்டடத்துல நான்தான் லிஃப்ட் மாட்டறேன். பெட்ரூம் சுவரை ஒட்டி வருது, சத்தம் கேக்குமேன்னு சுழிச்சு வெச்சேன்."

ராவுகிற மெஷினை நிறுத்தினான்.

"அப்ப எட்டாம் தேதி?"

"மறந்துட்டேன்."

"நெஜமா?"

"நெஜமா. நாலு பேரை வெளியே எடுத்துட்டு வந்தேன்ல, அன்னிக்கி."

மாஸ்க்கை மெதுவாகக் கழற்றினான். தாடியெல்லாம் வெள்ளைத் தூள். "நான் ஆம்னு எழுதி சட்டைப் பையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வந்த, கை காலைக் கழுவின, படுத்துட்ட. சரி, நீ சொல்லாமலே சொல்றன்னு நெனச்சுக்கிட்டேன்."

"வாயைத் தொறந்து கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியே."

அத்தனை தாடைகள் பார்த்துக்கொண்டிருக்க, முக்காலியில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், மூக்கைச் சிந்தினேன். அவன் கையிலிருந்த மேல்வரிசையை ஜாக்கிரதையாகக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"எனக்கு இந்தச் சீட்டே வேண்டாம்" என்றான். "ஜனவரி பொறந்தாலே தூக்கம் போயிடுது."

"எனக்கும்தான்."

"உனக்குமா? யோசனையே உன்னோடதுதானே!"

மார்ச் 7, சனி

பத்து மணி வரை தூங்கினேன். ஒரு வாரத்துத் தூக்கம்.

மார்ச் 11, புதன்

என்றைக்கு வேண்டுமானாலும் விட்டுப் போகலாம், ஆனாலும் போகவில்லை — அதுதான் சுத்தமான அன்பு என்று நினைத்திருந்தேன். நம்பிக்கை உள்ளவர்களுக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பயத்தில் சேர்ந்து இருக்கிறார்கள், நாங்கள் அப்படி இல்லை என்று ஒரு கர்வம். ஆனால் நாங்களும் பயத்தில்தானே இருந்தோம்? அவர்களுக்குச் சாமியிடம். எங்களுக்கு பிப்ரவரியிடம்.

மின்சாரம் போனால் லிஃப்ட் விழுந்துவிடும் என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். தலைகீழ். பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கும். மின்சாரம் வந்தால்தான் அது பிடியை விடும், லிஃப்ட் நகரும். கரண்ட் போனால் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இருபது வருஷமாக இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மட்டும் வருஷம் ஒருமுறை பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு, விழுகிறோமா என்று பார்த்திருக்கிறேன்.

மற்றவர்கள் ஏழேழு ஜென்மம் என்கிறார்கள். எனக்கு இந்த ஒன்றுதான். அதிலும் நாற்பத்தொன்று போய்விட்டது. இருக்கிற ஒன்றை ஏன் வருஷக் கணக்கில் நறுக்கிக் கொடுக்க வேண்டும்? எங்களுக்காக இந்த வாக்கை மேலே யாரும் காப்பாற்றப் போவதில்லை. நாங்கள் விட்டால் அது கீழே கிடக்கும், அவ்வளவுதான். அப்படியானால் நாங்கள்தானே கெட்டியாகப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் அவனிடம் இப்படிச் சொன்னால் கொட்டாவி விடுவான்.

மார்ச் 15, ஞாயிறு

பால்கனியில் செய்தித்தாளை விரித்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றேன்.

"யாரு யாரை?"

"நகம் வெளியே தெறிக்குது, பாத்து வெட்டு. நாமதான்."

வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டான், "நாம யாரையும் கும்பிடறதில்லையே. யாரு முன்னால வாக்கு?"

"உன் முன்னாலதான். உனக்குத்தானே குடுக்கறேன். கேக்கறதுக்கு நீ இருந்தா போதும்."

"எத்தன வருஷத்துக்கு?"

"உதைப்பேன்."

குனிந்து, தெறித்த நகத்தைப் பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. நகவெட்டியை மடக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாங்கி மடக்கிக் கொடுத்தேன். எனக்கு மனசு அப்படி லேசாகிவிட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

பதிவு அலுவலகம். முன்னால் மூன்று ஜோடிகள். அத்தை, என் அக்கா, லேப் முதலாளி மூவரும் சாட்சி. மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏதாவது போடுங்க சார். காலியா இருந்தா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது."

"இல்லைன்னு போடுங்க" என்றான் பல்லுக்காரன். போட்டார். போயிற்று.

அத்தை அறை மூலையில் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்காக இல்லம்மா, எனக்காகக் கும்பிட்டுக்கறேன். நீ போய் கையெழுத்தைப் போடு" என்றார். கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன்.

ஒரு வாக்கியம் வாசிக்கச் சொன்னார்கள். அவன் மளமளவென்று ஒப்பித்துவிட்டான். நான் 'வாழ்நாள் முழுவதும்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். குமாஸ்தா, "மெதுவா வாசிங்கம்மா, அடுத்த ஜோடி வெயிட் பண்ணட்டும்" என்றார். முழுசாக வாசித்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

எதுவும் மாறவில்லை. அவன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டான்.

மே 17, ஞாயிறு, காலை

நேற்று சரியான சண்டை. என் நல்ல ஸ்க்ரூடிரைவரால் பெயின்ட் டப்பாவைத் திறந்து, நுனியை வளைத்துவிட்டான். கேட்டால், "ஒரு ஸ்க்ரூடிரைவருக்கா இப்படி?" என்கிறான். அங்கிருந்து கட்டில்மேல் ஈரத் துண்டுக்குப் போனோம். துண்டிலிருந்து, என் அக்கா பேசும்போதெல்லாம் அவள் பல்லையே அவன் பார்ப்பதற்கு. நான் வீட்டிலும் சூப்பர்வைசர் மாதிரி பேசுகிறேனாம். எட்டு வருஷமாக இதை மனசில் வைத்திருந்தானாம். நானும் எட்டு வருஷத்தையும் எடுத்து விட்டேன். தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன். எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

பேசாமலே சாப்பிட்டோம். முதுகைக் காட்டிப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

இப்போதும் கோபம் இருக்கிறது. பக்கத்தில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். எழுப்பி மிச்சத்தையும் திட்டலாமா என்று பார்த்தேன். என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன்.