கொலரா ஊசியும் என் மருமகளும்

கொஸ்லந்த
4.1.1975

அன்புள்ள மகன் லிங்கத்துக்கு அம்மா ரெங்கம்மா எழுதுவது. மாரியாத்தாள் புண்ணியத்தாலும் டாக்டரய்யா போட்ட ஊசியாலும் இங்கே நானும் அப்பாவும் உன் பெண்டாட்டி சந்திரகாந்தியும் உன் மகள்கள் இரண்டு பேரும் சுகம். நீயும் கொழும்பில் கடை வேலைக்கு நடுவே பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்று இளைத்துப்போகாமல் சுகமாக இருக்க வேண்டும். ஊசி என்றதும் உன் முகம் சுருங்கும், சுருங்கட்டும், கடைசி வரை படி.

ஐப்பசியில் கீழ் லயத்து வீடுகளில் வாந்திபேதி கண்டதும் டாக்டரய்யா காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் மேசை போட்டு எல்லாரையும் கொலரா ஊசிக்குக் கூப்பிட்டார். வந்தவர்களை விட ஓடினவர்கள் அதிகம். நம்மையெல்லாம் அதட்டி வேலை வாங்குகிற தங்கராஜாக் கங்காணி, அட்டை கடிக்கிறதையும் பொறுத்துக்கொண்டு தேயிலைச் செடிக்குள் குந்தியிருந்தார், அப்பேர்ப்பட்ட வீரர். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பெரியாயி ஊசி போட்டுக்கொண்டாள். போட்ட உடனே ஓடைக்கு ஓடி, மருந்தை இறக்கப் போகிறேன் என்று எலுமிச்சம்பழமும் சாணியும் வைத்துத் தேய்த்து, தாகத்துக்கு அதே ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு வந்தாள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்றுதான் டாக்டரய்யா தொண்டை கிழியக் கத்தினார். சாணி பட்ட இடம் சீழ் வைத்துக் கை வீங்கினதும், ஊசி விஷம் என்று வீடு வீடாகக் கையைத் தூக்கிக் காட்டினாள். கங்காணிக்கும் வாந்திபேதி கண்டு, பிறகு லொறியில் கிடத்தித்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தவர் இனியாவது ஊசி போட்டுக்கொள்வார் என்று நினைக்காதே, கண் பட்டுவிட்டது என்று வாசலில் பூசணிக்காய் உடைத்தார்.

அவர்களைச் சொல்லி என்ன, நம் வீட்டிலேயே ஒரு மேதாவி இருக்கிறான். தேத்தண்ணிக் கடையில் எவனோ சொன்னான் என்று, "அது தோட்டத்துச் சனம் பெருகாம இருக்கப் போடுற ஊசி, போட்டா வயித்துல புள்ள தங்காது, காந்திக்குப் போட வேணாம்" என்று எழுதினாயே, அந்த மேதாவி. உனக்கு ஆண்பிள்ளை வேண்டும், அதற்காக இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய் வாந்திபேதியில் போனாலும் பரவாயில்லையா? அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு காந்தி அழுதாள். உனக்கும் பயந்தாள், நோய்க்கும் பயந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஊசி போட வைத்தேன். தீபாவளிக்கு நீ வந்து, உன் பேச்சைக் கேட்டு அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்று பெருமையாகச் சேலை கொடுத்தாய். நாங்கள் வாய் திறக்கவில்லை. சேலை நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காந்தி கூடையை இறக்கி வைத்து வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். இழுத்துக்கொண்டு போனவள் நானாயிற்றே, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. லயத்துச் சனம் நம் வாசலை விட்டு ஒதுங்கி நடந்தது. பெரியாயி மட்டும் தூரத்தில் நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல, ஊசி வேலையக் காட்டுது" என்றாள். உன் அப்பா ஓடிப்போய் மிட்வைஃபைக் கூட்டி வந்தார். அவள் காந்தியின் நாக்கைப் பார்த்தாள், பேதி உண்டா என்று கேட்டாள், இல்லை என்றதும் எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று கேட்டாள். காந்தி விரலை மடக்கி எண்ணிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாவது பிள்ளையடா, மடையா. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பெரியாயிக்கு ஒன்றும் வரவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளை அந்த மாரியாத்தாள் கொடுக்கட்டும். பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ, கோணாத முகத்தோடு வந்து தூக்க வேண்டும். கொழும்பிலும் ஊசி போடுகிறார்களாம், நாளைக்கே போய்ப் போட்டுக்கொள். பிள்ளை தங்காது என்று இனியும் பயமாக இருந்தால் ஊருக்கு வா, அதற்குச் சாட்சி இங்கே காலையும் மாலையும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத அம்மா
ரெங்கம்மா