கொளஞ்சியப்பரிடம் கட்டிய பிராது

விருத்தாசலம்,
ஆடி 4.

அன்புள்ள தம்பி கோகுலகிருஷ்ணனுக்கு, அக்கா அம்சவல்லி எழுதுவது. இங்கே நானும் நம் பொம்மைச் சூளையும் நலம். சூளை எத்தனை நாளைக்கு நலம் என்பதை உன் ஆபீஸில்தான் கேட்க வேண்டும். போனில் பேசினால் திட்டிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வைகாசியில் அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டார்கள். விறகுச் சூளைப் புகையால் பூமி சூடாகிறதாம். வருஷக் கடைசிக்குள் கேஸ் சூளைக்கு மாறாவிட்டால் லைசென்ஸ் கிடையாதாம். பக்கத்துச் சூளைப் பச்சமுத்து எழுந்து, "லாரி லாரியா நிலக்கரி எரிக்கிறவங்கள வுட்டுட்டு, அகல் விளக்கு சுடுற எங்ககிட்டதான் வருவீங்களா?" என்று கேட்டான்.

பூமி சூடாகவில்லை என்று நான் சொல்லவில்லை. தையில் மழை கொட்டி, காயப்போட்ட பொம்மைகள் சேறாகிப் போனதைப் பார்த்தவள்தான். ஆனால் அதற்குக் காரணம் என் சூளை என்று ஒருவன் சொன்னால், அவன் யாருக்காகச் சொல்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

என் சூளைக்கு எத்தனை டன் விறகு, எத்தனை மணி நேரம் எரியும் என்பதெல்லாம் அவர்கள் கொண்டுவந்த அறிக்கையில் பிசகாமல் இருந்தது. கூட இருந்தே யாரோ குழி பறித்துவிட்டார்கள் என்று விறகுக்காரர் தனக்கோடியோடு பேச்சையே நிறுத்தினேன். வயிற்றெரிச்சலில் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்கு முறையீடாகப் பிராதுச் சீட்டும் எழுதிக் கட்டிவிட்டேன். 'இதை எழுதிக் கொடுத்த கை தொண்ணூறு நாளுக்குள் விளங்காமல் போகணும்' என்று எழுதினேன்.

நேற்று பச்சமுத்துவின் மகள் அந்த அறிக்கையை போனில் திறந்து காட்டினாள். அதில் ஒரு படம். சூளை வாசலில் என் பச்சைப் புடவை காய்கிறது. பொங்கலுக்கு வந்தபோது நீ எடுத்தது. அன்றைக்குத்தான் விறகு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கேட்டாய். தம்பிக்கு இப்போதாவது அக்கறை வந்ததே என்று மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே எல்லாம் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் உன் ஆபீஸ் முத்திரைக்குக் கீழே, எழுதியவர் என்று உன் பெயர் இருக்கிறது.

இந்தச் சூளைதான் உன்னைப் படிக்க வைத்தது என்று சொல்லிக் காட்ட மாட்டேன். நீ எழுதியது சரியாகவே இருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதியிருக்கலாம் இல்லையா? மனசு ஆறவில்லை.

பிராது கட்டி நாற்பத்தோரு நாள் ஆகிறது. நாளை முதல் பஸ்ஸில் போய்த் திரும்ப வாங்கப்போகிறேன். பாதியில் கேட்டால் சாமி விடுமா என்று தெரியவில்லை.

சாமி துணை. நன்றாக இரு. இது கிடைத்ததும் நாலு வரி உன் கையால் எழுதிப் போடு. டைப் அடித்து அனுப்பாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத அக்கா,
அம்சவல்லி