மடியில் வந்தவள்

அல்கலா, ஸ்பெயின்
16 பிப்ரவரி 2003

என் அக்கா வெலிச்காவுக்கு,

மெத்தோதி அண்ணன் நம் ஊருக்குப் போகும் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஏற்றி முடிப்பதற்குள் இதை எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும், அதனால் கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே. நீ அனுப்பிய குடமிளகாய்த் தொக்கு ஜாடி உடையாமல் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டே விரலால் வழித்துத் தின்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இப்போது சேதி. எனக்குத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது. நான் பார்த்துக்கொள்ளும் கிழவர் எமிலியோவின் மகளிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். "குழந்தைய கூட்டிட்டு வா, அப்பாவுக்கும் பொழுது போகும்" என்று சமையலறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்துவிட்டாள். ஆகவே ராயாவை அழைத்துக்கொண்டு வா அக்கா. பால் குடிக்கிற பிள்ளையாக உன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுக்குப் பல் முளைத்ததும் நடந்ததும் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

பேருந்தில் வேண்டாம், அவ்வளவு தூரம் குழந்தை தாங்காது. விமானத்தில் வா. இரண்டு வயதாகாததால் அவளுக்குத் தனி இருக்கை இல்லை, உன் மடிதான். உனக்கும் இதுதான் முதல் தடவை. பிளம்ஸ் பறிக்க ஏணியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் நீ. என்ன செய்வது, கிழவரை விட்டு நான் நகர முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது அடைக்குமாம், வாயில் பால் புட்டியைக் கொடுத்துவிடு. அப்பன் பெயர் பதிவில் இல்லாததால் என் சம்மதக் கடிதம் மட்டும் போதும். நோட்டரி முத்திரையோடு இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், பத்திரம்.

இன்னொன்று. இங்கே யாராவது கேள்வி கேட்டால் தலையை ஆட்டிவிடாதே. நாம் 'இல்லை' என்று தலையை மேலும் கீழும் அசைப்பது இவர்களுக்கு 'ஆமாம்'. நாம் 'ஆமாம்' என்று பக்கவாட்டில் ஆட்டுவது இவர்களுக்கு 'இல்லை'. வந்த புதிதில் கிழவர் சூப் போதும் என்று பக்கவாட்டில் ஆட்ட ஆட்ட, நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பாவம், அன்று முழுக்க வயிறு உப்பிக் கிடந்தார்.

என் படத்தை அவளுக்குத் தினமும் காட்டுகிறாயா? 'அம்மா' சொல்கிறாளா?

உன் தங்கை
நெவேனா


பெர்கோவித்சா
2 மார்ச் 2003

நெவேனா,

கடிதமும் சம்மதப் பத்திரமும் வந்தன. பத்திரத்தை மாவு டின்னுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் ராயா கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

படத்தைக் காட்டுகிறேன். முத்தம் கொடு என்றால் நக்கி வைக்கிறாள். 'அம்மா' சொல்கிறாள். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாள். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒவ்வொரு தடவையும் படத்தைக் காட்டி, "அம்மா அங்க இருக்கா, நான் பெரியம்மா" என்று திருத்துகிறேன். அவள் படத்தைப் பார்க்கிறாள், பிறகு என் மூக்கைப் பிடித்து இழுத்து மறுபடியும் 'அம்மா' என்கிறாள். பெற்றவளுக்குத் தப்பாத பிடிவாதம்.

பேக்கரியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஸ்திலியானாவை உனக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்குமா? "குழந்தைக்கு என்னடி பயம்? உனக்குத்தான் கை நடுங்குது. பேசாம நீ அவ மடியில உட்காந்துட்டுப் போ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று நான் போட்ட ரொட்டிக்கு உப்பே இல்லை என்று பாதி ஊர் திருப்பிக் கொண்டுவந்தது.

நேற்று மார்ச் முதல் தேதி. ராயா கையில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிவிட்டேன். நாரையைப் பார்த்ததும் கழற்றிப் பூத்த மரத்தில் கட்ட வேண்டுமே, உன் ஊரில் நாரை உண்டா?

எல்லாம் கேட்டாய். திரும்பி வந்து இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று மட்டும் கேட்கவில்லை. போகட்டும். டிக்கெட் எடுத்தாயிற்று.

வெலிச்கா


அல்கலா
6 ஏப்ரல் 2003

அக்கா,

நீ வந்து போனதிலிருந்து எழுத வேண்டும் என்று உட்காருகிறேன், முடியவில்லை.

இரண்டு ராத்திரிதான் தங்கினாய். மூன்றாம் நாள் அவள் தூங்கும்போது போய்விட்டாய். அது நல்லதுக்குத்தான் என்று நீ நினைத்திருக்கலாம். விழித்தவள் கட்டிலுக்கு அடியில் தேடினாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள், பிறகு வாசற்கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கையில் உன் கம்பளிச் செருப்பு ஒன்று. வேண்டுமென்றுதான் விட்டுப் போனாயா, மறந்து போனாயா தெரியவில்லை. நான் தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்கிறாள். கிழவர் ஊட்டினால் நாலு வாய் வாங்குகிறாள், என் கையால் ஒரு வாய் வாங்கமாட்டேன் என்கிறாள். லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் கைதட்டுகிறாள். எதற்கு என்று புரியவில்லை, நீதான் எதையாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். விமான நிலையத்தில் நான் ஓடி வந்தேன். உன் பையைத் தூக்கி வந்த விமானப் பணிப்பெண் என்னைக் கையால் விலக்கி, "கொஞ்சம் தள்ளுங்க, அம்மாவுக்கு வழி விடுங்க" என்றாள். நீ அருகில்தான் நின்றாய். வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளையைப் பார்க்க நான் எத்தனை இரவு விழித்திருந்தேன் என்று உனக்குத் தெரியாதா? அந்த விமானத்தில் என்ன சொல்லி வைத்தாய்?

நெவேனா


பெர்கோவித்சா
20 ஏப்ரல் 2003

நெவேனா,

கேட்டாய், சொல்கிறேன்.

விமானம் கிளம்பும்போதே எனக்கு உயிர் இல்லை. ராயா சந்தோஷமாக இருந்தாள், முன் இருக்கைக்காரரின் வழுக்கைத் தலையில் தாளம் போட்டாள். பணிப்பெண் வந்து என் இடுப்பு வாரில் இன்னொரு சின்ன வாரைக் கோத்து அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். கட்டிவிட்டு குழந்தையைக் காட்டி, என்னைக் காட்டி, "அம்மாவா?" என்றாள். அந்தச் சொல் ரெண்டு மொழியிலும் ஒன்றுதானே. நான் இல்லை என்று தலையை மேலும் கீழும் அசைத்தேன். பிறந்தது முதல் அசைக்கிற தலை, உன் கடிதத்தைக் கேட்டா அசையும்? அவள் சிரித்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மேலே ஏறியதும் ஆரம்பித்தது. ராயா காதைப் பிய்த்துக்கொண்டு அலறினாள். புட்டியைத் தட்டிவிட்டாள், பால் பக்கத்தில் இருந்தவர் சட்டையில் கொட்டியது. ப்ளேவென் ஊர்க் கொத்தனாராம். "பரவால்லம்மா, சிமெண்டே விழுந்த சட்டை" என்றார். குடித்த பாலையெல்லாம் என் பாவாடையில் கக்கினாள். பின்னால் ஒருத்தி, "இத்தனூண்டு பிள்ளைய எதுக்குத் தூக்கிட்டு வர்றாங்க" என்றாள். "உன்னையும் ஒருத்தி தூக்கி வளர்த்திருப்பாள்ல" என்று திரும்பிக் கேட்டேன். பிறகு என் சட்டைப் பொத்தானை ராயா வாயில் வைத்தேன். வீட்டில் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் சப்புவாள். சப்பிச் சப்பி, கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு தூங்கிப்போனாள். வெளியே பார்க்க எனக்குப் பயம், அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்போது அந்தப் பெண் தண்ணீர் கொண்டு வந்தாள். மறுபடியும் குழந்தையைக் காட்டி 'அம்மா' என்று என்னமோ கேட்டாள். இந்தத் தடவை எனக்கு உன் கடிதம் நினைவிருந்தது, கைப்பையில்தான் இருந்தது. நினைவோடுதான் தலையை அசைத்தேன், மேலும் கீழும், அவர்கள் வழக்கப்படி. கீழே இறங்கினால் உன்னுடையவள். மேலே இருக்கும் வரையாவது என்னுடையவளாக இருக்கட்டும் என்று இருந்தது. போதுமா?

சக்கரம் தரையைத் தொட்டதும் நம் ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ராயா விழித்துப் பார்த்து அவளும் தட்டினாள். அதனால்தான் லிஃப்ட் நின்றால் தட்டுகிறாள். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன்னை விலக்கியபோது அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அதைக் கேட்டு நீ வெளுத்துப்போனதைப் பார்த்தேன். வாய் திறந்து 'இவள்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். என் கை குழந்தையை விடவில்லை நெவேனா.

செருப்பை வேண்டுமென்றுதான் விட்டு வந்தேன்.

வெலிச்கா


அல்கலா
4 மே 2003

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபம் இல்லை, அதற்கு நான் யார்? நீ இல்லாவிட்டால் அவள் எங்கே, நான் எங்கே.

ஆனாலும் இதைக் கேட்கிறேன், மன்னித்துக்கொள். போன ஞாயிறு நீ போனில் பேசினாயே, அன்று முதல் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். சாப்பாட்டை மறுபடி நிறுத்திவிட்டாள். அதற்கு முந்தின வாரம் கிழவருக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து என் பாவாடையைப் பிடித்து "அம்மா" என்றாள். கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. உன் குரலைக் கேட்ட பிறகு அதை அவள் சொல்லவே இல்லை.

கொஞ்ச காலம் போன் பண்ணாதே. கோடைக்கு வரவும் வேண்டாம். அவள் என்னிடம் ஒட்டிக்கொள்ளட்டும். எப்போது என்று நானே எழுதுகிறேன்.

இங்கே நாரை உண்டு, மாதாகோயில் கோபுரம் முழுக்கக் கூடுதான். அவளுக்குக் காட்டினேன். நூலை நானே கழற்றி, பூத்திருந்த பாதாம் கிளையில் கட்டினேன். அவள் அழவில்லை.

உன்
நெவேனா


பெர்கோவித்சா
18 மே 2003

நெவேனா,

சரி.

போன் பண்ணமாட்டேன். வரவும் மாட்டேன். தொக்கு ஜாடிகள் மட்டும் மெத்தோதியோடு வரும், அவற்றில் துண்டுக் கடிதம் எதையும் தேடாதே. இந்தப் பெட்டியில் என் அந்தச் சட்டை இருக்கிறது. பொத்தானை வெட்டி உன் சட்டையில் தைத்துக்கொள். கழுத்துக்குக் கீழே இரண்டாவதாக. தூங்க அடம்பிடிக்கும்போது எடுத்து வாயில் வைக்கத் தோதாக இருக்கும். செருப்பைத் தூர எறிந்துவிடு. அவள் பார்க்காதபோது எறி.

'அம்மா எங்கே' என்று கதவைப் பார்த்தால் என் பேரைச் சொல்லாதே. உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டு. நான் படத்தைக் காட்டித் திருத்தியதுபோலத்தான், சலிக்காமல் காட்டு. அவள் உன் மூக்கைப் பிடித்து இழுத்தால் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்.

பேக்கரியில் ஸ்திலியானா, "குழந்தை எப்படி இருக்குடி?" என்று தினமும் கேட்கிறாள். நல்லா இருக்கா என்கிறேன். தெரிந்தா சொல்கிறேன்?

அவள் அங்கேயே வளர்வாள். பேச்சு மாறும், அவர்கள் மாதிரியே தலையாட்டவும் பழகிவிடுவாள். என்றைக்காவது நீ கூப்பிட்டு, நான் அங்கே வந்து, "என்னைத் தெரியுதா, ராயா?" என்று கேட்பேன். அவள் வளர்ந்த பெண்ணாக நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைப்பாள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, எப்படி அசைத்தாலும் நம் ஊர் வழக்கமா உன் ஊர் வழக்கமா என்று அவளிடம் கேட்கமாட்டேன்.

தெரியும் என்று எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

உன் அக்கா
வெலிச்கா