பதினொரு மணிக்கு என் பேச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

கோடை வகுப்பு வெள்ளியோடு முடிகிறது. சாப்பாடு பரவாயில்லை.

முதல் நாளே அறைத்தோழி, "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். கல்லூரியில் வேலை என்றேன். "எந்த சப்ஜெக்ட்?" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன். நிறைவு விழாவுக்கு வராதே, இடம் போதாது என்று உனக்கு எழுதியது அதனால்தான். இடம் நிறைய இருக்கிறது.

இன்று காலை நான் அறையைப் பெருக்கும்போது, "மூலையெல்லாம் இப்படிக் கூட்ட யாருடி சொல்லிக் கொடுத்தா?" என்றாள்.

"எங்கம்மா. காலேஜ்ல தினம் முப்பது கிளாஸ்ரூம் கூட்டுறாங்க."

அவள் தன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். "ஐயோ, அவங்க விழாவுக்கு வர்றதுக்குள்ள இதைக் கூட்டணும்டி. மானம் போயிடும்."

விழாவில் நான் பேசுவது வெள்ளி காலை பதினொரு மணிக்கு. லீவு சொல்லிவிட்டு வா. முன்வரிசையில் உட்கார்.

உன்
பெரியவள்