கருவாட்டுச் சாடியில் மிளகாய்

1993 தை 18

ஆறு சாடிகளையும் இழுத்து வெளியே போட்டாயிற்று. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த அன்று ஊரெல்லாம் வலையையும் மாதா சுரூபத்தையும் லொறியில் ஏற்ற, நான் மீன் உப்புப் போடுகிற இந்த மண்சாடிகளை ஏற்றினேன். "உனக்கென்ன விசரோ?" என்று இவர், என் புருசன் கிறகோரி, லொறிக்காரனுக்கு முன்னாலேயே கத்தினார். இரண்டரை வருடமாகச் சண்டிலிப்பாயில், கனகசபாபதி ஐயாவின் வளவில், நாங்கள் இருக்கிற புகையிலைக் கொட்டிலுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தன. இப்போது அவற்றுக்கும் வேலை வந்திருக்கிறது. ஆருக்கு விசர் என்று இனித் தெரியும்.

நேற்று ஐயாவிடம் வாய்விட்டே கேட்டேன். வருகிற போகத்துக்கு மிளகாய்த் தோட்டத்தில் ஒரு துண்டை இவருக்குப் பங்குக்குத் தருவீங்களோ என்று. சிரித்தார். "கடல்காரருக்கு மண் தெரியாது, பிள்ளை. முதல் சட்டியிலை வளத்துக் காட்டு. காய்ச்சால் பாப்பம்" என்றார். மிஞ்சின நாற்று எடுக்கவும் விட்டார்.

கேட்டதற்குக் காரணம் இன்னாசித்தம்பி அண்ணை. என் கூடப்பிறந்தவர்தான், ஆனால் எமனாக வந்து நிற்கிறார். கிளாலியில் அக்கரைக்குச் சனம் ஏற்றுகிற வள்ளம் வைத்திருக்கிறார். அதை ஓட்ட இவரை வரச்சொல்லி ஆள்மேல் ஆள் விடுகிறார். அந்தத் தண்ணியில் இந்த மாதத் தொடக்கத்திலும் நேவி சுட்டுச் சனம் செத்தது. நான் விடமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் இவர் சொன்னார்: "பாஸ்குத் திருநாள் வரைக்கும் பொறுக்கிறன். அதுக்குள்ளை உன்ரை ஆறு சாடியும் காய்ச்சால் இஞ்சை நிண்டு மண் கொத்துறன். இல்லாட்டி என்னை மறிக்கக்கூடாது."

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

தை 21

மூன்று நாள் அரிசி கழுவின தண்ணியில் ஊற வைத்து, புளி போட்டுத் தேய்த்து, தென்னந்தும்பால் உரஞ்சி, பிறகும் கிணற்றுத் தண்ணி. கை முழுக்க வெடிப்பு. எங்கள் அம்மா சாடி கழுவினால் நாக்கால் தொட்டுப் பார்ப்பா. நானும் ஆறையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு உப்பில்லை. அடியில் ஆணியால் மெல்ல மெல்லத் தட்டி ஓட்டை போட்டேன், ஒன்றும் வெடிக்கவில்லை. இவர் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து சுருட்டுப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை தரவில்லை, ஒரு கதை இல்லை.

செம்மண் நிரப்பி நாற்று வைத்தேன்.

மாசி 3

இலை ஓரம் கருகுகிறது. நெருப்பில் காட்டின மாதிரி.

ஐயாவின் மனைவி நாகேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "தனிச் செம்மண்ணைச் சட்டிக்குள்ளை அடைஞ்சால் செங்கட்டியாய் இறுகிப் போகும், மக்டலீன். தண்ணி கீழை போகாது, வேருக்குக் காத்துப் போகாது." உண்மைதான், விரல் இறங்கவில்லை. நிலத்தில் பொன்னாக இருக்கிற மண் சட்டிக்குள் ஏன் கல்லாகுது? நான் கண்டேனா!

மாசி 11

எல்லாவற்றையும் கொட்டிப் புதிதாகக் கலந்தேன். பாதி செம்மண், மிச்சத்தில் ஆற்று மணல் மாதிரிப் பரும்படியான மணல், காய்ந்து உதிர்ந்த பழைய மாட்டெரு, தும்புத்தூள். பச்சை எரு போட்டால் வேர் வெந்துபோகும் என்று அக்கா சொன்னதால் பழையதைத் தேடி அரித்து எடுத்தேன். ஓட்டைக்கு மேல் ஒரு ஓட்டுத்துண்டு. கையில் பிடித்தால் பிடிபடுகிறது, விட்டால் உதிர்கிறது. இதைவிட நல்ல மண் ராசாவுக்கும் கிடையாது.

ஐயாவிடம் திரும்ப வாங்கி ஆறு சாடிக்கும் வைத்ததில் ஒரு நாற்று மிஞ்சியது. எறிய மனமில்லை. பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்றில் மிச்ச மண்ணைப் போட்டு ஊன்றிக் கிணற்றடியில் வைத்தேன்.

மாசி 20

திரும்பவும் கருகல். கோதாரி.

மாசி 24

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து சாடிக்கும் சாம்பல் போட்டேன். இரண்டுக்கும் ஒரு பலனும் இல்லை.

பங்குனி 5

மூன்றாம் தரம் வைத்ததும் போகிறது. தண்ணி கூடிப் போச்சோ? குறைச்சேன். குறைஞ்சு போச்சோ? கூட்டினேன். நிழலில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். நாற்று நாலு இலையோடு நின்று, ஓரம் பழுத்து, சுருண்டு, ஒரு கிழமையில் சரி. கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தாலாவது கஞ்சி வைச்சுக் குடுக்கலாம்.

ஐயா வேலியால் பார்த்துப்போட்டு, "நான் சொன்னன்தானே" என்று சொல்லிக்கொண்டு போனார். மனுசன் கெட்டவரில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்குப் பிள்ளையில்லை. இவர் போனால் நான் ஆருக்குச் சோறு வைக்கிறது, ஆரோடு சண்டை பிடிக்கிறது? இதை இவருக்குச் சொன்னால் "சும்மா கிட" என்பார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பங்குனி 14

அட விசரி! விசரி! மக்டலீன், உன்னைப்போல ஒரு பேய்ப்பெண் இல்லை.

கிணற்றடிப் பேணியில் ஊன்றி மறந்துபோன நாற்று, வாளியால் சிந்துகிற தண்ணியிலேயே முழங்கால் உயரம். கரும்பச்சை. அதே நாற்று, அதே மண், அதே தண்ணி! அப்படியே ஓடிப்போய்ச் சாடியைப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. முதலும் கண்டேன்தான், சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். இன்றைக்கு நக்கிப் பார்த்தேன். உப்பு.

இருபது வருடம் மீன் உப்புக் குடித்த சாடி. மேலால் கழுவினால் போகுமா? தண்ணி ஊற்ற ஊற்ற உள்ளே இருந்து கசிந்திருக்கிறது. நானே மூன்று தரம் நாற்றுக்கு நஞ்சு வைத்திருக்கிறேன். தோட்டக்காரி ஒருத்தி கருவாட்டுச் சாடியைத் தொட்டே இருக்கமாட்டாள். எனக்குத்தான் உலகத்திலேயே நல்ல பாத்திரம் அது.

"உப்பு வெளியிலை வருதப்பா!" என்று கத்தினேன். இவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

பங்குனி 15

ஊரெல்லாம் அலைந்து பத்துப் பேணி சேர்த்தேன். பால்மாப் பேணி, எண்ணெய்ப் பேணி, ஒரு பிஸ்கற் பேணி, வாய் வெட்டின பிளாஸ்ரிக் தண்ணிக் கான் ஒன்று. எல்லாவற்றுக்கும் நாலு ஓட்டை. தகரம் சுடும் என்று பின்னேர வெயில் படாத பக்கமாக, கல்லுக்கு மேல் தூக்கி வைத்தேன். ஐயாவிடம் நாற்றுக்கு நாலாம் தரமும் போனேன். வெட்கம் எல்லாம் எப்பவோ போயிற்று. பாஸ்குவுக்கு இன்னும் நாலு கிழமைகூட இல்லை.

பங்குனி 29

பத்தும் பிடித்துவிட்டன. மாதாவே, கொஞ்சம் கெதியாக.

சித்திரை 11

உயிர்த்த ஞாயிறு. பாஸ்கு வந்துவிட்டது. பூசையால் வந்து உடுப்பு மாற்றாமல் இவரைக் கையில் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதல் பேணியில் நாலு காய். மற்றப் பத்தும் பூ.

"காய்ச்சிருக்கு, பாருங்கோ."

"ஒரு பேணி. ஆறு சாடி எண்டெல்லோ கதை."

"ஒரு மாதம் தாங்கோ. ஒரே ஒரு மாதம். உங்கடை காலிலை விழுறன்."

விழுந்தேன். தூக்கி விட்டார். சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டியும் விட்டார். ஆனால் ஓம் என்று சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் நான் ஒத்துக்கொண்டவள், எதை வைத்து வாதாடுவது?

சித்திரை 13

போய்விட்டார். கிளாலிக்கு என்று, சாவகச்சேரிக்குப் போகிற லொறியில், இரண்டு சாரமும் செபமாலையும் ஒரு பையில். லொறியில் ஏறும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். கலியாணத்தன்று பார்த்த முகம்.

சித்திரை 30

கிளாலியால் வந்த ஒருவர் சொன்னார், சுகமாம். மெலிஞ்சு போனாராம். இன்றைக்குத் தண்ணி ஊற்ற மறந்துபோனேன்.

வைகாசி 16

காய் தொங்குது! இலையை விலக்கினால் காய்! ஐயா வந்து ஒன்றை முறித்து மணந்து பார்த்தார், கடித்தும் பார்த்தார். கண்ணால் தண்ணி வந்தது மனுசனுக்கு. "சரி பிள்ளை, நான் தோத்தன். ஆவணியிலை வடக்குப் பக்கத் துண்டைத் தாறன். கிறகோரியை வரச்சொல்லு."

நாகேஸ்வரி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. உடனே கிளாலிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஒரே வரி: நிலம் கிடைத்துவிட்டது, வாருங்கோ.

வைகாசி 30

வந்தார். கறுத்து, மெலிந்து, ஆனால் நிமிர்ந்து நடக்கிறார். பேணிகளைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். "நல்லாய்த்தான் வந்திருக்கு" என்றார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு:

"ஒண்டு சொல்லுறன், கத்தாதை. சாடியிலை ஒண்டும் வராது எண்டு எனக்கு முதலே தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"என்ரை அப்பு ஒருக்கா சாடியை உன்னைப்போலை கழுவிக் குடிதண்ணி நிரப்பி வள்ளத்திலை கொண்டு வந்தவர். மூண்டாம் நாள் வாயிலை வைக்கேலாது. அது உப்பை விடாது, மக்டலீன்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ அண்டைக்கே பேணியிலை வைச்சிருப்பாய். காய்ச்சிருக்கும். காய்ச்சால் நான் இஞ்சை நிக்கோணும்."

கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உந்த மண்ணைக் கொத்துறதை நினைச்சாலே எனக்கு மூச்சு முட்டுது. நான் என்ன செய்ய?"

மூன்று மாதம்! நான் கை வெடித்து, செபம் சொல்லி, ஐயாவிடம் பல்லைக் காட்டி நாற்றுப் பிச்சை எடுக்க, இந்த மனுசன் சுருட்டுப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்ததாம். "அப்ப போங்கோ! போய் உங்கடை கடலோடையே கிடவுங்கோ! இஞ்சாலை திரும்ப வேண்டாம்!" என்றேன். அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுக்கவில்லை. வள்ளக்காரருக்குக் கறி வைக்க என்று ஒரு கை மிளகாய் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போனார். வாசல் படலையில் நின்று ஒருக்கால் திரும்பினார். நான் முகத்தை மற்றப் பக்கம் வைத்திருந்தேன்.

ஆனி 4

கோபம் போக மறுக்கிறது. போனாலும் என்ன, அவர் வந்து மண் கொத்தப் போறாரா? நான் செய்தது எல்லாம் சரி, மண் சரி, பேணி சரி. ஆள்தான் என் கையில் இல்லை.

ஆனி 13

அந்தோனியார் திருநாள். கிளாலிக்குப் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பினேன்: கோபம் இல்லை, தேத்தண்ணி குடிக்க வரட்டாம். அந்த ஆள் புறப்பட்டுப் போன பிறகுதான் யோசித்தேன், ஒரு பை மிளகாயும் கொடுத்து விட்டிருக்கலாமே.

ஆனி 17

காலையில் பேணிகளுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. இன்னாசித்தம்பி அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தனிய வந்தார்.

"தங்கச்சி" என்றார்.

நான் நிமிரவில்லை. "நில்லுங்கோ அண்ணை, இதை ஊத்தி முடிக்கிறன்" என்றேன். அவர் நின்றார். நான் ஊற்றினேன். ஒவ்வொரு பேணிக்கும் ஒரு சிரட்டை, அடி ஓட்டையால் ஒழுகும் வரை பார்த்திருந்து, பிறகுதான் அடுத்தது. அவர் வாய் திறக்கும் வரைக்கும் எனக்குப் புருசன் இருக்கிறார். பதினொன்றும் முடிந்தது. திரும்ப முதலாவதிலிருந்து தொடங்கினேன். தண்ணி கூடினால் வேர் அழுகும் என்று தெரியும். தெரிந்தும் ஊற்றினேன்.

நாலாவது பேணியில் வாளி வெறுமையாயிற்று.

"சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.