வேப்பிலை போட்ட மூட்டை

பூவரசங்குளம்
20.02.2022

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கணபதி எழுதுவது. நாங்கள் சுகம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

அறுவடை முடிந்ததும் வருடா வருடம் உங்களுக்கு ஒரு மூட்டை அரிசி வரும். இந்த முறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உரம் கிடைக்கவில்லை. பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை, கதிரில் பாதி பதர். கிடைத்ததில் விதைக்கென்று ஒரு மூட்டை நெல்லை மட்டும் வேப்பிலை போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். உலை கொதித்தாலும் கொதிக்காவிட்டாலும் அதில் கை வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரி மீனம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அது போனால் வயலும் போன மாதிரித்தான்.

எண்பத்திமூன்று கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டும்போது அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "பட்டினி கெடந்தாலும் தேயிலைத் தூருக்குத் திரும்பக் கூடாதுடா."

இப்படிக்கு,
தம்பி கணபதி

ஹற்றன்
14.03.2022

பாசமுள்ள தம்பிக்கு,

போனை மகள் ரஜிதா கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டாள். வீட்டு வேலைக்குப் போனவளுக்கு அது வேண்டும்தானே. அவள் மகள் லக்சிகா இப்போது என்னோடுதான்.

ஏழை நாடுகளில் ஏன் பசி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் மழையில்லை, சனத்தொகை கூடிவிட்டது என்று எழுத, இவள் நான் சொன்ன கதையை எழுதியிருக்கிறாள். அக்கரையில் பூட்டன் ஊரில் பஞ்சம் வந்தபோது அங்கே விளைந்த தானியத்தை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றினான். பசித்த சனத்தை வேறு கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினான். மலையை மொட்டையடித்து, தின்ன முடியாத இலையை நடவைத்தான். சோற்றுக்கு அரிசி பர்மாவிலிருந்து வரும் என்றான். அவன் போயும் இலை கப்பலில் போகிறது, அரிசி கப்பலில் வருகிறது. இப்போது கப்பல்காரனுக்குக் கொடுக்க டொலர் இல்லை.

வகுப்பில் அதை வாசிக்கும்போதே பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் வெறும் தேத்தண்ணிதான் குடித்துப் போனவள்.

அரிசி கேட்டு எழுதவில்லை, தம்பி. மனம் தாங்கவில்லை, எழுதினேன்.

உன் அக்கா,
ராக்காயி

பூவரசங்குளம்
02.04.2022

அன்புள்ள அக்காவுக்கு,

மரக்கறி லொறியில் ஒரு மூட்டை அரிசி வருகிறது. பக்கத்து வயல் ஏரம்பு அண்ணை தந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், பழைய நெல் கொஞ்சம் வைத்திருந்தார்கள். நீங்கள் மில் தேடி அலையக் கூடாது என்று இங்கேயே குற்றிவிட்டேன். விதை மூட்டை பரணில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைக்குக் கஞ்சி வேண்டாம், சோறாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
கணபதி

ஹற்றன்
12.05.2022

தம்பிக்கு,

பொய் சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. சாக்கின் அடித் தையலில் காய்ந்த வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் தின்ற பிறகுதான் கண்டேன். உன்னைத் திட்டினேன், அழுதேன். அன்றைக்கும் உலை வைத்தேன், பிள்ளை பசி என்றாளே.

மிச்சத்தைத் திருப்பி அனுப்ப லொறிகளுக்கு டீசல் இல்லை. லக்சிகாதான் ஒரு வழி சொன்னாள். லயத்துக்குப் பின்னால் கத்தரி போடும் துண்டைக் கொத்தி, இரண்டு சுண்டு அரிசி அளந்து விதைத்திருக்கிறோம். விளைந்ததும் வேப்பிலை போட்டுக் கட்டி உன் விதையை உனக்கே அனுப்புவோம். காலையும் மாலையும் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். இரண்டு வாரமாகியும் ஒரு முளையைக் காணோம். குளிரோ என்னவோ. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையைத் தவிர எங்களுக்கு என்ன தெரியும். முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று பிள்ளை கேட்கச் சொன்னாள்.

உன் அக்கா,
ராக்காயி

பூவரசங்குளம்
28.05.2022

அன்புள்ள அக்காவுக்கு,

உமி போன அரிசி முளைக்காது. மில்லில் குற்றும்போதே அதன் உயிர் போய்விடும். பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு எழுத வரவில்லை.

குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஏரம்பு அண்ணை விதைக்கிறார். நான் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, என் வயலையும் அவரிடமே குத்தகைக்கு விட்டு வந்தேன். பிள்ளை சாப்பிட்டாள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா சொன்னதைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். மீனம்மா இங்கேயே பிறந்தவள், கொழுந்து பறிக்கத் தெரியாது. நீங்கள்தான் பழக்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி கணபதி